ஒரு புள்ளடி

வியாழன், நவம்பர் 14

சுகந்தியின் படிவம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. நாளைதான் கடைசி நாள்.

ரொம்சோஸில் என் வீட்டில் நான் நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு அவளுடைய மகள் ஆரணி வரத் தொடங்கி ஒரு வருடமாகிறது. கணவன் வீட்டைவிட்டுப் போனபின் முழுக் கட்டணம் கட்ட அவளால் முடியவில்லை. 'தனியாக வாழ்கிறேன்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டால் நகரசபை கட்டணத்தைக் குறைக்கும். போடாவிட்டால் அவனுடைய சம்பளத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இன்று பின்னேரம் ஆரணியைக் கூட்டிப்போக வந்த சுகந்தியிடம் கேட்டுக் கேட்டுப் படிவத்தை நிரப்பினேன்.

"அதிலை மட்டும் போடாதேங்கோ அக்கா. அந்த நகரசபைக் கந்தோரிலை எங்கடை ஆக்களும் வேலை செய்யினம். ரொம்சோஸ் முழுக்கத் தெரிஞ்சிடும்."

"அவை வெளியிலை கதைக்கேலாது, சுகந்தி. சட்டம் இருக்கு."

"சட்டம் இருக்கு. வாயும் இருக்கெல்லோ?"

நான் படிவத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"குறைக்காட்டி பிள்ளையை நிப்பாட்டுறன்," என்றாள். நிப்பாட்டினால் எப்படி வேலைக்குப் போவாள்?

அப்போது கதவு மணி அடித்தது. "அப்பா!" என்று ஆரணி ஓடினாள். வந்தது வேறொரு பிள்ளையின் தகப்பன்.

"அப்பா வேலையிலை, குஞ்சு," என்று சொல்லிவிட்டுச் சுகந்தி என்னைப் பார்த்தாள். நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். என் தலையில் நானே குட்டவேண்டும்.

கையெழுத்தை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று. அந்த ஒரு கட்டம்தான் வெறுமையாக இருக்கிறது.

பேனை என் கையில் இருக்கிறது.