சம்மந்தி முதுகில் உன் சொல்

காலையில் நல்லெண்ணெயைச் சூடாக்கியபோது எழுந்த வாசம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. பகல் சாய்ந்தும் எனக்குக் கை நிற்கமாட்டேன் என்கிறது. ஐந்தருவி வழியில், குளிக்க வருகிறவர்களுக்கு நாம் எண்ணெய் தேய்க்கும் பலகை அங்கேயேதான் கிடக்கிறது. நீதான் இல்லை. உன் மகள், இத்தாலிக்கார மருமகன், அவனுடைய அப்பா மூவரும் வந்திருந்தார்கள்.

அவள் அவனைக் கட்டிய கோபத்தில் அந்தக் கல்யாணத்துக்கு நீ போகவில்லை. கோபம் ஆறிய பிறகும் அவளிடம் வாய் திறக்கவில்லை. "சாரலுக்கு வருதாகள்லா? சம்மந்தி முன்னால அவுக பாஷையிலயே எனக்குச் சந்தோஷம்னு சொல்லுதேன். அப்பந்தான் புள்ள நம்புவா" என்றாய்.

செல்போனில் இத்தாலியப் பாடம் கேட்டாய். நமக்கு எல்லா எழுத்தும் ஒரே எடை. அவர்களோ சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டில் மட்டும் அழுத்துகிறார்கள். உனக்கு அது வாயில் வரவில்லை, கையில் வந்தது. ஐயப்ப சீசன் முழுக்க வந்தவர் முதுகில் எல்லாம் தட்டித் தட்டிப் படித்தாய். சுலபம் என்பதற்கு ஃபா-சி-லே, முதல் துண்டில் ஓங்கி ஒன்று. கஷ்டம் என்பதற்கு திஃப்-ஃபீ-சி-லே, இரண்டாவதில் ஓங்கி ஒன்று.

"ஏலே, அவனுவளும் லே போட்டுத்தான் பேசுதானுவளா?" என்றேன்.

"சும்மா கெடலே. நீ வாயத் தொறந்தா எனக்கு அடி மாறிப்போவுது."

படுத்திருந்த புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன்காரர் தலையைத் தூக்கினார்: "அண்ணாச்சி, என் முதுகு என்ன சிலேட்டா?"

கடைசியில் உனக்கு வேண்டிய சொல்லைப் பிடித்தாய். கொன்-தென்-தோ. சந்தோஷமானவன். மெல்ல, ஓங்கி, மெல்ல. சாரல் விழுவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதாலே?

இன்று சம்மந்தி பலகையில் குப்புறப் படுத்தார். உன் மகள் தள்ளியே நின்றாள்.

"மாமா, அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் மனசு ஆறவே இல்லையா?"

சம்மந்தி முதுகுக்கு நேரே கையை ஓங்கினேன். மெல்ல, ஓங்கி, மெல்ல. "இங்கன வா தாயி. உன்கிட்டச் சொல்லணும்னுதான் உங்கப்பன் ஊர்ப்பட்ட முதுகுல இத அடிச்சுப் படிச்சான்" என்று சொல்லி, அடியோடு சேர்த்துச் சொன்னேன்: "கொன்-தென்-தோ."

சம்மந்தி படுத்தபடியே அதைத் திருப்பிச் சொன்னார். அடி விழுந்த இடத்தில்தான் அவரும் அழுத்தினார்.

உன் மகள் அருகில் வந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவை அடிங்க மாமா" என்றாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும். பாவம் சம்மந்தி, முதுகு பழுத்துவிட்டது.

அவர்கள் போய்விட்டார்கள். பலகை காலி. முதுகு ஏதும் அகப்படாமல் என் கை என் தொடையையே தட்டிக்கொண்டிருக்கிறது. மெல்ல, ஓங்கி, மெல்ல.