முழங்காலுக்கு நீ பின்னிய உறை

மாப்ளே,

இன்று காலை சலவைப் பட்டறை வழியாக வந்தேன். தொட்டியில் புதிதாகப் பிளீச்சிங் பவுடர் கரைத்திருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மருந்து காரமுங்க" என்று கூட வந்தவரிடம் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வாசனை வந்தால் நீ ஞாபகத்துக்கு வருகிறாய், கூடவே என் கேடுகெட்ட புத்தியும் வருகிறது. அதனால் வழக்கமாகச் சுற்றித்தான் போவேன். இன்று முழங்கால் ஒத்துழைக்கவில்லை, குறுக்கு வழியில் வந்து மாட்டிக்கொண்டேன்.

உனக்கு எழுத வேண்டிய கடிதம் இது என்பது எனக்கு வெகுநாளாகத் தெரியும். நீ இருக்கும்போதே எழுதியிருக்கலாம், எழுதக்கூட வேண்டாம், பத்தடி நடந்து வந்து சொல்லியிருக்கலாம். அதற்கு முதுகெலும்பு வேண்டும்.

நம் பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர், நீ பின்னல் மெஷின் ஓட்டுகிறவன். அப்போது இரண்டு பேருக்கும் நாற்பத்து மூன்று வயது. பொங்கல் கழிந்ததும் ஊரிலிருக்கும் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டுப் போட்டி நடத்துவார்கள். அதில் நாற்பது தாண்டியவர்களுக்கு 'வெட்டரன்ஸ் ரேஸ்' என்று ஒன்று உண்டு, மைதானத்தை இரண்டு சுற்று. தொந்தியும் வழுக்கையுமாக ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கத்தான் பாதிக் கூட்டம் வரும். எனக்கு அது சிரிப்பு இல்லை. ஜெயித்தவனைக் கோயமுத்தூர்ப் போட்டிக்கு அனுப்புவார்கள். பள்ளி நாளில் ஓடிய கால் இது என்கிற திமிர் என்னிடம் மிச்சம் இருந்தது. முதல் வருஷம் நூலிழையில் தோற்று இரண்டாவதாக வந்தேன். அதன் பிறகு எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

வலது முழங்காலுக்கு மட்டும் அந்தத் திமிர் இல்லை. காலை முதல் மாலை வரை கட்டிங் டேபிள் முன்னால் நின்று நின்று, பொழுது சாயும்போது அது வீங்கிக்கிடக்கும். ஓட்டத்தை விட்டுவிடச் சொன்னார் டாக்டர். நான் டாக்டரை விட்டுவிட்டேன். விடிகாலையில் நொய்யல் ஆற்று மணலில் என்னோடு ஓட வந்தவன் நீ ஒருவன்தான். உனக்கு ஜெயிக்கிற ஆசையெல்லாம் கிடையாது. என்னைத் தனியாக விட்டால் காலை உடைத்துக்கொள்வேன் என்று வந்தாய். "முழங்கால்கிட்ட அதிகாரம் பண்ணாத மாப்ளே, பணிஞ்சு கேளு. கால் எட்டைச் சின்னதா வெய்யி" என்பாய்.

முழங்காலுக்கு உறை பின்னித் தரச் சொல்லி உன்னை நச்சரித்தது நான். பனியனின் கழுத்துக்கும் கைக்கும் வைக்கிற ரிப் பின்னல், இழுத்தால் நீளும், விட்டால் கவ்விக்கொள்ளும். அதில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் மாதிரி வேண்டும் என்றேன்.

"கம்பெனி மெஷின்ல சொந்தத்துக்குப் பின்னுனா மொதலாளி தோலை உரிச்சுப்போடுவாரு. வேண்டாஞ் சாமி, ஆளை உடு" என்றாய்.

இரண்டாம் முறையும் அதையே சொன்னாய். மூன்றாம் முறை நான் வேட்டியைத் தூக்கி வீங்கிய காலைக் காட்டினேன். நீ பார்த்துவிட்டுப் போனாய். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் வெளியே போனதும், உன் சோற்றுப் போசியைத் திறக்காமல் வைத்துவிட்டு, கோன்களில் மிஞ்சிய நூலை இரட்டையாகப் போட்டு அதைப் பின்னினாய். சாயங்காலம் என் கையில் திணித்து, "கோராவாவே போட்டுக்கோ, வெளுத்துக்கிளுத்து வெக்காத" என்றாய். அதைப் போட்டு ஓடிய இரண்டு வாரமும் யாரோ இரண்டு கையாலும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவது போல இருந்தது. வலி தெரியவே இல்லை.

ஆனால் வெளுக்காத கோரா கோராதானே. பழுப்பாக, நூலில் ஒட்டிய பருத்திக்கொட்டைத் தூசியோடு இருந்தது. பனியன் ஊர்க்காரனுக்கு ஒரு கிறுக்கு உண்டு, கோராத் துணியை உடம்பில் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்க மாட்டான். அதிலும் நம் கம்பெனிக்கு வெள்ளைக்கென்றே ஒரு பேர் இருந்தது. வெள்ளைப் பனியன், வெள்ளை டிராயர், நடுவில் பழுப்பாக ஒரு முழங்காலா என்று எனக்குக் கூசியது. போட்டிக்கு முந்தின நாள் சலவைப் பட்டறைக்குப் போய்த் தொட்டியில் போட்டேன். இரட்டை நூல், ஒரு முறையில் வெளுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், நீலமும் கொடுத்தேன்.

இரண்டு முறை வெளுத்த துணி என் டேபிளுக்கு வந்தால் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பேன். "நூல் செத்துப்போச்சு, எடுத்துட்டுப் போ" என்று மூட்டையோடு திருப்பி அனுப்புவேன். அப்படிப்பட்ட மாஸ்டர் தன் முழங்கால் உறையை மட்டும் அழுத்திப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் பார்க்கவில்லை.

ஓட்டம் தொடங்கும் கோட்டில் நீ என் காலைக் குனிந்து பார்த்தாய். "வெளுத்தியா?" என்றாய். "பளிச்சுன்னு இருக்குதில்ல?" என்றேன். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய், விசில் ஊதிவிட்டார்கள்.

இரண்டாம் சுற்றின் கடைசித் திருப்பம் வரைக்கும் நான்தான் முன்னால். அங்கே சர்ரென்று ஒரு சத்தம். உறை கிழிந்து கணுக்காலுக்கு இறங்கி, கால் பின்னி, முழங்கால் ஒரு பக்கமாகத் திரும்பி, நான் முகம் குப்புற விழுந்தேன். மைதானமே சிரித்தது. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த நீ ஓட்டத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாய். கிழிந்த விளிம்பைப் பார்த்தேன். தொட்டாலே பொடிந்தது. காரணம் எனக்கு அந்த நிமிஷமே தெரியும் மாப்ளே. தெரியாமல் பேசினேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

முதலாளி குடையோடு வந்தார். "என்ன மாஸ்டர், என்னாச்சுங்க?" என்று அன்பாகத்தான் கேட்டார். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. நான் சொன்னேன்: "இவன் பின்னிக் குடுத்த லட்சணமுங்க. இத்துப்போன நூலைப் போட்டுப் பின்னியிருக்கானுங்க."

அவர் குனிந்து அதைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். தன் மெஷினின் பின்னல் தெரியாதவரா அவர்? "இது நம்ம மெஷினாச்சே. எப்பப் பின்னுனே?" என்று உன்னைக் கேட்டார்.

"சாப்பாட்டு நேரத்துலீங்க. மிஞ்சுன நூலுங்க. தப்புத்தானுங்க."

'இவன்தான் கேட்டான்' என்று நீ சொல்லியிருக்கலாம். 'வெளுத்துக் கெடுத்தது இவன்' என்று சொல்லியிருக்கலாம். நீ சொல்வாய் என்றே நினைத்தேன், அதை மறுக்க மனசுக்குள் வார்த்தைகூடத் தயார் செய்துவிட்டேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது. அப்போது வலி அவ்வளவு ஒன்றும் இல்லை. இருந்தும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாக முனகினேன். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

உன்னை வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். நாலாம் நாள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், மெஷினுக்கு இல்லை, வேஸ்ட் துணி அறைக்கு. இருபது வருஷம் மெஷினின் சத்தத்தை வைத்தே எந்த ஊசி உடைந்தது என்று சொன்னவன் நீ. உன்னைப் போய் என் டேபிளுக்கு அடியில் விழுந்த வெட்டுத் துண்டுகளைக் கூட்டி மூட்டை கட்ட வைத்தார்கள். சாயங்காலமானால் கோணிப்பையோடு வந்து என் காலடியில் குனிவாய். "கால் எப்படி இருக்குது மாப்ளே?" என்பாய். "பரவால்ல" என்பேன், கத்தரியை விட்டுக் கண்ணை எடுக்காமல். ஒரு நாள் அல்ல, வருஷக்கணக்கில்.

அடுத்த பொங்கலுக்கு டாக்டர் கட்டிய பட்டையோடு நான் மறுபடி ஓடினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "எட்டைக் குறை! எட்டைக் குறை!" என்று நீ கத்தியது கூட்டத்தின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. குறைத்தேன். ஜெயித்தேன். மாலை போட்டார்கள். நீ இருந்த பக்கம் நான் போகவில்லை. கோயமுத்தூருக்குத் தனியாகப் போய் நாலாவதாக வந்தேன். வந்து அதை உன்னிடம் சொல்லக்கூட இல்லை.

பிறகு உனக்கு இருமல் வந்தது. அந்த அறையில் பறக்கும் பஞ்சுத் தூசியாக இருக்கலாம் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். உன்னை அந்த அறைக்கு அனுப்பியது யார் என்று யாரும் பேசவில்லை.

நீ போன மூன்றாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உன் மனைவி உள்ளேயிருந்து எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் என்னைக் கும்பிட்டார். "அண்ணா, அன்னைக்கு நீங்க மட்டும் மொதலாளி ஊட்டு வாசல்ல போயி நின்னு கெஞ்சலீன்னா இவருக்கு வேலையே திரும்பக் கெடைச்சிருக்காதுங்க. நாங்க கஞ்சி குடிச்சது உங்களாலீங்க. சாவற வரைக்கும் அதைத்தானுங்க சொல்லிட்டிருந்தாரு" என்றார்.

நான் எந்த வாசலிலும் போய் நிற்கவில்லை. போய் நின்றது நீதான், எனக்கு அப்போதுதான் புரிந்தது. உன் வீட்டார் என்னை வெறுத்துவிடக் கூடாது என்று அதை என் பெயரில் சொல்லி வைத்திருக்கிறாய். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதெல்லாம் பெருசா ஒண்ணுமில்லீங்கம்மா" என்றேன். நல்லது செய்தவன் அடக்கத்துக்காகச் சொல்வானே, அதே குரலில்.

இரண்டு தீபாவளியாக உன் வீட்டிலிருந்து முதல் தூக்குவாளிப் பலகாரம் என் வீட்டுக்குத்தான் வருகிறது. வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் ஏன் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். வாங்கிக்கொள்கிறேன். சாப்பிடவும் செய்கிறேன் மாப்ளே.