பருத்தி மூட்டைகளிடம் நீ கேட்ட மன்னிப்பு

என்னை ஒரு வார்த்தை கேட்காமலே எல்லாம் செய்த என் பாசமுள்ள அண்ணனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் சத்தம் உண்டா? இல்லையென்றால் உனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

இந்த வருடப் பருத்தி வந்துவிட்டது. அறையில் மூட்டைகள் கூரை வரை நிற்கின்றன. வெள்ளிக்கிழமை வியாபாரி வண்டி வரும் என்று அப்பா சொன்னார். போன வருடம் அவரிடம் நீ எப்படிக் கெஞ்சினாய் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு வாரம் வெச்சிருப்பா. மூட்டைய எடுத்துட்டா ரூம்ல எதிரொலி அடிக்கும்."

"ஊருல மழைக்குப் பயந்து பருத்திய விக்கிறான். நான் இவன் பாட்டுக்குப் பயந்து வெச்சிருக்கேன்" என்றார் அப்பா. ஆனாலும் மூன்று நாள் வைத்திருந்தார். அதனால்தான் அந்த அறையில் நீயும் உன் கூட்டாளிகளும் பதிவு செய்த ஆல்பத்தில் முதல் ஆறு பாட்டு காதோடு பேசுவதுபோல இருக்கிறது. ஏழாவதிலிருந்து எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்து கத்துகிறார்கள்.

"லாரிக்குப் பின்னால்" என்று பெயர் வைத்தாய். பெரம்பலூரிலும் அரியலூரிலும் இருந்து ஏழு பேர், ஒன்பது ராப் பாட்டு. டிரம்ஸ் கிடையாது. காலியாகத் திரும்பும் சிமெண்ட் லாரியின் உடம்பு ஆடும் சத்தம், சங்கிலி, ஏர் ஹாரன், மக்காச்சோளம் உதிர்க்கும் மிஷின், இவைதான் தாளம். நெட்டில் போடவில்லை. பென்டிரைவில் ஏற்றிக் கையிலிருந்து கைக்குக் கொடுத்தீர்கள். "தேடி வர்றவன் கேக்கட்டும்" என்றாய்.

நாலாவது பாட்டு நான்.

நான் வாய் திறக்காத பெண். பத்தாவது வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன், உட்காரச் சொன்னால் உட்காருவேன். பின் பெஞ்சு கவிதா என்னை ஊமச்சி என்றுதான் கூப்பிடுவாள். அங்கே சொல்லாத பதிலையெல்லாம் வீட்டுக்கு வந்து, பருத்தி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூட்டைகளிடம் சொல்லுவேன். கவிதாவை, டீச்சரைப் பேர் சொல்லித் திட்டுவேன். மூட்டைகளுக்கு நடுவில் நீ போனைச் செருகி வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

அதை வெட்டி, ஒட்டி, லாரி சத்தத்தின் மேல் ஏற்றி "ஊமச்சி" என்று தலைப்பும் வைத்தாய். அந்தப் பேரை யார் வைத்தது என்று அதிலேயே நான் சொல்லியிருக்கிறேனே, உனக்குக் காது கேட்கவில்லையா?

தேடி வந்தவர்கள்தான் கேட்டார்கள். ஒரு வாரத்தில் என் பள்ளிக்கூடம் தேடி வந்தது. டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தினார். "இப்பப் பேசும்மா. பாட்டுல நல்லாத்தானே பேசுற?" வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கப்புறம் எந்த நாளும் போகவில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

நான் அழுதபோது நீ சொன்னது இதுதான்: "ஆல்பத்துலயே உன் குரல்தான்டி நெசமா இருக்கு. கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். அதற்குப் பெயர்தான் கேட்பது.

ஆடி மாதம் அரியலூர் ரோட்டில் ஒரு காலி லாரிக்குப் பின்னால் நீ போனாய். ஒரு கை பைக்கில், ஒரு கையில் போன், சத்தம் பிடிக்க. லாரி பிரேக் போட்டது. இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோது உன் கூட்டாளிகள் ஸ்பீக்கர் கட்டி உன் ஆல்பத்தைப் போட்டார்கள். மரியாதையாம். நாலாவதாக என் குரல் வந்தது. நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்து கவிதாவைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஊரே கேட்க. அழுகை அங்கேயே நின்றுபோனது. "கூடப்பொறந்தவன் கெடக்குறான், கண்ணுல ஒரு சொட்டு இல்ல பாரு" என்று பெரியம்மா சொன்னது உன் காதில் விழுந்ததா? உன் தலைக்கு மேலே நின்றுதான் சொன்னார்.

போன மாதம் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ரியாஸ் அண்ணன் வந்தார். உன் ஆறாவது பாட்டைப் பாடியவர். வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, அவன் மவுத்தானதுலேர்ந்து ஒருத்தனும் மைக்கத் தொடல. அவனுக்காக ரெண்டாவது ஆல்பம் போடுறோம். கடைசியா அவன் போன்ல ஏதோ ரெக்கார்டு ஆயிருக்கும்ல..."

ஆகியிருந்தது. போலீஸ் திருப்பிக் கொடுத்த போனில் அந்த நாளின் பதிவு இருந்தது. நான் ஒரு நொடிகூடக் கேட்கவில்லை. அவர் கண் முன்னால் அழித்தேன்.

"என்னம்மா இப்டிப் பண்ணிட்ட? அவனே இருந்தா அதப் போட்டிருப்பான்."

"தெரியும்ணா. அதான் அழிச்சேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சை நேரில் அன்றைக்குத்தான் கேட்கிறார்.

அதற்குப் பதிலாக வேறு ஒன்றைக் கொடுத்தேன். உன் லேப்டாப்பில் "வேண்டாதது" என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தாயே, அதிலிருந்து. நீ சாவதற்கு இரண்டு வாரம் முன்பு, பருத்தி அறையில், விற்றது போக மிஞ்சிய நாலு மூட்டையைச் சுற்றி வைத்துக்கொண்டு, நீ மன்னிப்புக் கேட்டுப் பழகிய பதிவு. பதினோரு தடவை. முதல் தடவை "செல்வி, சாரிடி" என்கிறாய். மூன்றாவது தடவை எதுகை போடுகிறாய். ஆறாவதில் சிரித்துவிடுகிறாய். ஒன்பதாவதில் "ச்சை, பொய் மாதிரியே இருக்கு" என்று உன்னையே திட்டிக்கொள்கிறாய். பதினோராவதில், "செல்வி, தப்புப் பண்ணிட்டேன்." அப்புறம் ஒன்றும் பேசவில்லை. யாரோ பதில் சொல்வார்கள் என்று காத்திருப்பதுபோல் இருக்கிறது.

அந்த இரண்டு வாரமும் தினம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாய். ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாய். இரண்டு மாவட்டமும் கேட்கக் கத்துகிறவனுக்கு, கையெட்டும் தூரத்தில் இருக்கிறவளிடம் மூன்று வார்த்தை சொல்ல வரவில்லை. நம் வீட்டில் ஊமை யார், அண்ணா?

ரியாஸ் அண்ணன் முழுவதும் கேட்டார். "இது வெளிய வந்தா அவன் மானம் போயிரும்மா" என்றார். என் மானம் போனபோது ஆறாவது பாட்டுக்காரர் எங்கே இருந்தார் என்று கேட்டேன். இந்தப் பதிவு முதல் பாட்டாக வர வேண்டும், வெட்டக் கூடாது, லாரி சத்தம் சேர்க்கக் கூடாது என்றேன். இந்தக் கடிதத்தையும் அச்சடித்துப் பென்டிரைவோடு மடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?

வியாழக்கிழமை மத்தியானம் பருத்தி அறைக்குள் போகப் போகிறேன். இந்தத் தடவை ரெக்கார்டு பட்டனை நானே அழுத்துவேன். பதினோராவதுக்குப் பிறகு நீ விட்டுவைத்த அந்த இடத்தில் என் பதிலை வைப்பேன்.

ஒவ்வொரு வருடமும் பருத்தி வந்து அறை நிறைந்ததும் உன் பதினொன்றையும் முழுசாகக் கேட்பேன். அன்றைக்கு எது உண்மையோ அதைச் சத்தமாகச் சொல்லுவேன், உன்னை ஏமாற்ற மாட்டேன். இந்த வருடப் பதில்: மன்னிக்கவில்லை.

நீ கேட்காமல் எடுத்த குரலுக்குச் சொந்தக்காரி,
உன் ஒரே தங்கை செல்வி.