கரை கோணாத துணி

இஞ்சருங்கோ, பேத்தி இன்று தன் புது வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கி வந்தாள். நான் பூவையோ நிறத்தையோ பார்க்கவில்லை. ஓரக் கரையைத்தான் தடவினேன். வியட்நாமில் நெய்ததாம், வாசித்துச் சொன்னாள்.

2009இல் இங்கே சுவிஸில், வில் நகரத்து நெசவாலையில் உங்கள் தறிகளைக் கழற்றி அந்த நாட்டுக்குத்தான் விற்றார்கள். அங்கிருந்து வந்தவர்களுக்குத் தொழில் பழக்கும்படி ஷெஃப், அதுதான் ஆலை முதலாளி, உங்களைக் கேட்ட அன்று, சப்பாத்தும் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றீர்கள்.

"எல்லாம் காட்டுவன். நூலின்ர இழுவையைக் கையால பிடிக்கிறதை மட்டும் காட்டமாட்டன். அது தெரியாட்டி துணியின்ர கரை கோணும். அப்ப நானில்லாமல் ஏலாதெண்டு வேலையில வைச்சிருப்பாங்கள்."

மேசையில் பேத்தி பள்ளிக்கூடத்துக்காக யப்பானைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "யப்பான்காரரும் அந்தக் காலத்தில உப்பிடித்தான் அப்பப்பா. பட்டுநூல் எடுக்கிற மிஷினையும் மாஸ்டர்மாரையும் வெளியில இருந்து எடுப்பிச்சவை. பெரிய சம்பளம். அரசாங்கமே ஆலை கட்டினது."

"காசு?" என்று கேட்டீர்கள்.

"வயல்காரரிட்ட வரி. வெளியில கடன்பட்டா நாடே போயிடுமெண்டு பயம். சாமானை வாங்கிக்கொண்டிருந்தா எப்பவும் மற்றவனிட்டத்தான் போய் நிக்கோணும், செய்யப் பழகினா நாங்களே விக்கலாமெண்டு யோசிச்சவை."

"அந்த மாஸ்டர்மார்?"

"பழக்கி முடிய வீட்ட அனுப்பிப்போட்டினம்."

என் பக்கம் திரும்பினீர்கள். "கேட்டீரோ? நானும் வீட்ட போற மாஸ்டர்தான்."

நான் விடவில்லை. "சுவிஸ்காரரை விட்டிட்டு உங்களையெல்லோ கேட்டவங்கள்! கோணல் துணி வந்தா ஆரின்ர பேர் கெடும்?"

"பேரைச் சமைச்சுத் தின்னுவமோ?"

கதவை அடித்துச் சாத்தினீர்கள். பேத்தி பேனையை மூடி வைத்தாள். அந்தக் கிழமைகளில் நான் சோற்றை வைப்பேன், நீங்கள் தின்பீர்கள். கடைசி நாள் நீல மேலங்கியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து, "முடிஞ்சுது" என்றீர்கள். இழுவையைக் காட்டினீர்களா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டீர்கள்.

இன்று திரைச்சீலையின் கரை முழுவதும் என் விரல் ஓடியது. ஓரிடத்திலும் கோணல் இல்லை. உங்கள் தறியில் நெய்ததோ, ஆர் கண்டது?

பேத்தி சிரித்தாள். "என்ன அப்பம்மா, கடைத்துணி எல்லாம் நேராத்தானே இருக்கும்."

"ஓம் பிள்ளை," என்றேன். "ஆரோ ஒளிக்காமல் பழக்கியிருக்கினம்."