கணுக்காலைக் கேள்

வெள்ளவத்தை
19.11.1989

என் அன்பு மகள் தர்மினிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் முருகன் புண்ணியத்தில் சுகம், நீயும் லண்டன் குளிரைத் தாங்கி நலமாக இருக்க வேண்டும். இதற்குமேல் இனிப்பாக எழுத இன்று எனக்கு மனம் இல்லை.

இடது காது போன பிறகு சுருதி பிடிபடவில்லை, இனி வயலின் வேண்டாம், தைப்பொங்கலுக்குப் பத்மா மாமியின் சிநேகிதி மகனுக்குக் கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பா வாசித்துவிட்டு, பிள்ளைக்கு ஏலாதெண்டால் விடட்டுமன் என்றார். நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரி, தன் தங்கை பத்மா சொன்னால் அவருக்கு எல்லாம் சரி. அவரோடு நான் இரண்டு நாளாகச் சரியாகக் கதைக்கவில்லை. ஆனால் உன் மேல்தான் கூடக் கோபம். புறக்கோட்டையில் குண்டு வெடித்து உன் காது போனது போன வருடத்துக்கு முந்தின வருடம். அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் இந்த வீட்டுச் சீமெந்துத் தரையில் சப்பாணி கட்டி இருந்து வாசித்தாயே, அப்போது சுருதி விலகியதா? விலகியிருந்தால் உனக்கு வயலின் பழக்கிய தில்லைநாதன் மாஸ்ரர் சும்மா விட்டிருப்பாரா? போன காது லண்டனுக்கு வந்தா புதிதாகப் போனது?

நீ அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சோபாவில் கால் தொங்கவிட்டு இருக்கிறாய். மேலே தடித்த கம்பளிச் சட்டை, அதற்கும் வயலினுக்கும் நடுவில் ஒரு ஸ்பொஞ்ச். வயலினின் நுனி அந்தரத்தில் நிற்கிறது. தரையில் இருந்தால் விருந்தாளிகளுக்கு முன்னால் வடிவில்லை என்று மாமி சொன்னாவாம், நீயும் தலையாட்டினாயாம். பௌதிகம் படித்தவள் பெற்ற பிள்ளைக்கு இதைக்கூட யோசிக்கத் தெரியவில்லையா? தோள் எலும்பில் ஒரு முனையும் வலது கணுக்காலில் மறுமுனையும் அழுத்தி நின்றதால்தான் நாதம் உன் உடம்புக்குள் ஓடியது. ஒரு பக்கம் பஞ்சை அடைத்து, மறுபக்கத்தைக் காற்றில் விட்டுவிட்டு, காதில் பழி போடுகிறாய்.

நான் கதை விடவில்லை. ஊரடங்கு போட்ட நாட்களில் வெளியே சத்தம் போகாமல் வீணைத் தந்தியை விரல் நுனியால் தொடுவேன். கீழ்வீட்டு மேபல் அன்ரி என்னைப் பார்த்து, ஜெகதீஸ், நீர் வாசிக்கிறீரோ தடவுறீரோ என்று பகிடி பண்ணுவா. எனக்கே காதில் பாதி விழாது. ஆனால் குடம் தொடையில் அதிரும், ஸ்வரம் கொஞ்சம் தப்பினாலும் தொடை சொல்லிவிடும். கடற்கரைப் பக்கம் றெயில் போகும்போது சுவரில் சாய்த்த வீணை தானாக முனகும், நான் தொட்டுப் பார்த்தே எந்தத் தந்தி என்று சொல்வேன்.

ஆகவே கேள். மாமி வீட்டில் இல்லாத நேரம் பார்த்துக் கம்பளியைக் கழற்று, ஸ்பொஞ்சைத் தூக்கி எறி. கார்ப்பெட்டைச் சுருட்டிவிட்டுத் தரையில் இரு, நுனியைக் கணுக்காலில் வை, மந்தர சட்ஜத்தை நீளமாக இழு. அப்போதும் ஒன்றும் வரவில்லை என்றால் வயலினைக் கொடுத்துவிடு, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். இழுத்துப் பாராமல் கொடுத்தாயோ, எனக்குக் கடிதம் எழுதாதே.

வெளியே போகும்போது காதுக்குப் பஞ்சு வைக்க மறவாதே. வேளைக்குச் சாப்பிடு. முருகன் உன்னைக் காப்பான். பதிலில் காதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், கணுக்கால் என்ன சொன்னது என்று மட்டும் எழுது.

கோபம் ஆறாத உன் அம்மா,
ஜெகதீஸ்வரி