ஏழாவது கேள்விக்கு என் பதில்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நீ அப்படி இல்லை என்பது எனக்குத் தெரிந்துபோய்விட்டது, அதனால் நலமா என்ற கேள்வியை இந்தத் தடவை நிஜமாகவே கேட்கப் போகிறேன். போனில் கேட்கலாம்தான். நான் கேட்டால் நீ ஒன்னுமில்லம்மா என்பாய், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் ஏதாவது சொல்வேன், நீ ரயில் வந்துடுச்சும்மா வைக்கிறேன் என்று வைத்துவிடுவாய். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவளுக்கு எப்போதுதான் ரயில் வராமல் இருக்கும். கடிதம் என்றால் நீ பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே காத்திருக்கும்.

நீ அனுப்பிய பார்சல் போன திங்கட்கிழமை கடைக்கே வந்து சேர்ந்தது. மூன்று சட்டை, இரண்டு பேண்ட், உன் வேலைக்கான சாம்பல் நிறக் கோட், கூடவே ‘அம்மா, எல்லாத்தையும் ரெண்டு இஞ்சு விட்டுக் கொடு, அவசரமில்லை’ என்று ஒரு துண்டுச் சீட்டு. எதிர் மெஷினில் உட்கார்ந்து காலம் பூராவும் பட்டனுக்குத் துளை போட்டுக்கொண்டிருக்கும் நம் காஜா அக்கா, உன் மகள் இருக்கிற ஊரில் ஒரு தையல்காரிகூடவா இல்லை, துணி இவ்வளவு தூரம் பயணம் பண்ணி வருதே என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அந்த நீலச் சட்டையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், பக்கத் தையலை நீயே பிரித்து, கையால் நீள நீளமாக ஓட்டித் தைத்திருக்கிறாய். என் வயிற்றில் பிறந்துவிட்டு இப்படி ஒரு தையலா என்று முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம்தான் உறைத்தது, பார்சல் அனுப்புவதற்கு முன்னால் நீ எத்தனை மாதம் இந்தச் சட்டைகளோடு தனியாக மல்லுக்கட்டியிருக்கிறாய் என்று.

பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்க்காமல் எந்தத் துணியையும் நான் மெஷினில் வைக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும், ஒரு தடவை ஒரு வக்கீலின் கோட்டில் இருந்த சாவி ஊசியை முறித்ததிலிருந்து வந்த பழக்கம். உன் கோட்டின் உள்பாக்கெட்டில் பாதி தீர்ந்த நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை ஒன்றும் நாலாக மடித்த தாள் ஒன்றும் இருந்தன. எடை குறைப்பு அறுவை சிகிச்சையை இரண்டாம் முறை செய்துகொள்வது உங்களுக்குப் பொருந்துமா என்று தலைப்பு, எட்டு கேள்விகள், டாக்டரைப் பார்க்க வரும்போது பூர்த்தி செய்து கொண்டுவரவும் என்று இந்த மாதம் இருபத்து நாலாம் தேதி போட்டிருந்தது. படித்திருக்கக் கூடாது. படித்தேன். புரியாத வார்த்தைகளுக்கு அப்பாவைக் கூப்பிட்டு போனில் பார்க்கச் சொல்லி அவரையும் குற்றத்தில் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

என்னை ஆச்சரியப்படுத்தியது மூன்றாவது கேள்வி. உங்களுக்கு அதிகத் தொந்தரவு தருவதை வரிசையாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நீ முதலில் குரல் என்று எழுதியிருக்கிறாய், இரண்டாவது படுக்க முடியவில்லை, மூன்றாவது இருமல். எடை நாலாவது! நான் இதே தாளை உனக்காக நிரப்பியிருந்தால் எடை, எடை, எடை என்று மூன்று தடவை எழுதிவிட்டு நாலாவதாகத்தான் யோசித்திருப்பேன். உன் குரல் கரகரத்தபோதெல்லாம் சளி பிடித்திருக்கிறது, வெந்நீர் குடி என்றுதானே சொன்னேன். வீடியோவில் உன் முதுகுக்குப் பின்னால் எப்போதும் மூன்று தலையணை இருப்பதை, மகாராணி மாதிரி சாய்ந்திருக்கிறாள் பார் என்று அப்பாவிடம் கேலி செய்திருக்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குழாய் மாதிரி ஆக்கினார்களே, அந்தக் குழாயிலிருந்து அமிலம் மேலே ஏறி உன் தொண்டை வரை வருகிறது என்றும், அறிவிப்புச் சொல்கிறவளுக்குக் குரல் போனால் வேலையே போய்விடும் என்றும் ஐந்தாவது கேள்விக்கு நீ எழுதியிருந்த பதிலைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. முப்பது வருஷம் பிளம்பர் வேலை பார்த்தவரிடம் வயிறு ஒரு குழாய் என்று சொன்னால் விடுவாரா. செய்தித்தாளின் ஓரமெல்லாம் உன் வயிற்றைப் படம் போட்டு வைத்திருக்கிறார். குழாயைக் குறுக்கினால் அழுத்தம் கூடும், மேலே இருக்கிற வால்வு தாங்காது, தண்ணி எதிர்த்து ஏறத்தான் செய்யும், இதுக்கு எதுக்கு எட்டு கேள்வி என்று ஒரே அட்டகாசம். அவருக்குத் தெரிந்ததோடு திருப்தி. எனக்கு மண்டை குடைச்சல் தாங்கவில்லை. தைத்ததை மறுபடி பிரித்துத் தைப்பது என் தொழில், ஒரு துணியை எத்தனை தடவை பிரிக்கலாம், எப்போது வேண்டாம் என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். வயிற்றுக்கு இதெல்லாம் எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அதனால் வியாழக்கிழமை கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு இங்கே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் என் பெயரிலேயே டோக்கன் வாங்கிவிட்டேன்.

நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொள். எடை குறைப்புப் பிரிவின் வராந்தாவில் நாற்காலியெல்லாம் கை வைக்காமல் அகல அகலமாகப் போட்டிருந்தார்கள், ஒன்றில் நான் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன், இன்னொரு ஆளுக்கு இடம் மிச்சம் இருந்தது. நர்ஸ் பெயரைக் கூப்பிட்டு எடை பார்க்க நிற்கச் சொன்னாள். நாற்பத்தாறு கிலோ. அவள் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள், மறுபடியும் நாற்பத்தாறு. உள்ளே இருந்த டாக்டர் ஒரு நடுவயதுப் பெண், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நீங்களா பேஷன்ட் என்றார். இல்லை டாக்டர், நான் பேஷன்ட்டோட அம்மா, பேஷன்ட் இங்கே இல்லை, நான் வந்தது அவளுக்கும் தெரியாது என்றேன். விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். என்ன நினைத்தாரோ, கதவைச் சாத்திவிட்டு பத்து நிமிஷம் இருக்கு, கேளுங்க என்றார்.

நான் கைப்பையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்து, ஒரே இடத்தில் இரண்டு தடவை தைத்தால் பழைய ஊசித் துளைகளோடு புதுத் துளையும் சேர்ந்து துணி எப்படி நைந்துபோகிறது பாருங்கள் என்று காட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துணி தானா ஆறாது, உடம்பு ஆறும், அது ஒரு பெரிய வித்தியாசம், ஆனா ஆறின இடத்துல உள்ளுக்குள்ள ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும், அதனால ரெண்டாவது தடவை வேலை கஷ்டம், கசிவு மாதிரி சிக்கலுக்கு வாய்ப்பும் முதல் தடவையைவிடக் கூடுதல் என்றார். எடையும் முதல் தடவை இறங்கின மாதிரி மளமளவென்று இறங்காதாம், அதை எதிர்பார்த்து வருகிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்களாம். ஆனால் எரிச்சலுக்காக வருகிறவர்கள் கதை வேறு என்றார், மேலே இருக்கிற வயிற்றைச் சின்னப் பை ஆக்கி நேராகக் குடலோடு சேர்த்துவிட்டால் அந்த அழுத்தம் போய்விடும், நிறைய பேருக்கு நல்ல குணம் தெரிகிறது என்றார். அப்பா இதைக் கேட்டதிலிருந்து தலைகால் தெரியாமல் ஆடுகிறார், நான் அப்பவே சொல்லலையா என்று.

ஆனால் அதற்கு முன்னால் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம், ஒரு மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம், வயிறு விரிந்திருக்கிறதா, மேலே ஏறியிருக்கிறதா, இல்லை வயிறு வைத்தது வைத்தபடியே இருக்க சாப்பிடும் விதம்தான் மாறிவிட்டதா என்று தெரியாமல் கத்தியை எடுக்கக் கூடாதாம். சிலருக்கு மாத்திரையை மாற்றினால் போதும், சிலருக்கு எடை குறைக்க இப்போது வந்திருக்கிற ஊசியே போதும் என்றார். அப்புறம் உங்க பொண்ணு என்ன சாப்பிடறா, எப்ப சாப்பிடறா என்று கேட்டார். உன் இடுப்பளவு ஐந்து வயதிலிருந்து எனக்கு மனப்பாடம், நீ மத்தியானம் என்ன சாப்பிடுகிறாய் என்று தெரியவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவில் உனக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்? அதற்குள் நீ உட்கார்ந்து மென்று சாப்பிடுகிறாயா, இல்லை மைக்குக்குப் பக்கத்தில் பிஸ்கட்டும் இனிப்புக் காபியும் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நாள் பூராவும் உள்ளே போகிறதா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை, எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்.

வெளியே வந்தபோது என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தவள் தானாகவே பேச்சுக் கொடுத்தாள், பள்ளி வேன் ஓட்டுகிறாளாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது ஆபரேஷன் செய்துகொண்டவள். எப்படி இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டேன், அவளும் சளைக்காமல் சொன்னாள். எரிச்சல் ஒரு மாதத்தில் போய்விட்டதாம், நேராகப் படுத்துத் தூங்குகிறாளாம், எடை மட்டும் நினைத்ததில் பாதிதான் இறங்கியதாம், இனிப்பு சாப்பிட்டால் நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டுகிறதாம், ஆயுசுக்கும் சத்து மாத்திரை, வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. திரும்பப் பண்ணிக்கணும்னா பண்ணிப்பீங்களா என்று கேட்டதற்கு, பண்ணிப்பேன், ஆனா எங்க வீட்டுக்காரர் கேட்டதுக்காக இல்லை, நான் கேட்டதுக்காக என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

ஏனென்றால் சின்னு, உன் தாளில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இல்லை. ஏழாவது கேள்வி, முதல் அறுவை சிகிச்சை செய்துகொள்வது யாருடைய முடிவாக இருந்தது என்று. அங்கே நீ என்னவோ எழுதி அடித்து, மறுபடி எழுதி மறுபடி அடித்திருந்தாய். நான் மெஷின் விளக்கில் பிடித்துப் பார்த்தேன். முதலில் என்னுடையது என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவது அம்மா.

முதல் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரைப் பார்க்கப் போன அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த டாக்டர் உன்னைப் பார்த்துத்தான் கேட்டார், உனக்கு இது வேணுமாம்மா என்று. நீ ஃபைலில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாய், வாயைத் திறப்பதற்குள் நான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, வேணும் டாக்டர், அவளுக்கு ரொம்ப வேணும் என்றேன். நீ மறுக்கவில்லை, கையெழுத்தும் போட்டாய், அதனால் நீயும் சம்மதித்தாய் என்று ஒன்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு அப்போது ஒரு நோயும் இல்லை. சர்க்கரை இல்லை, மூட்டுவலி இல்லை. கடைக்கு வருகிறவர்கள் இதுவா உங்க பொண்ணு என்று ஒரு மாதிரி இழுத்துக் கேட்பார்கள், அது எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான் காரணம். எனக்கு இருந்த வியாதிக்கு உன் வயிற்றில் வைத்தியம் பார்த்தேன். மன்னித்துக்கொள் கண்ணு. இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது.

அதனால் இந்தத் தடவை செய் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, அதுவும் மறுபடி முந்துவதுதான் என்று அடக்கிக்கொண்டிருக்கிறேன். நீ கேட்க வேண்டியதை மட்டும் கேள். நீ பார்க்கப் போகிற டாக்டர் இந்த இரண்டாவது வேலையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் முடிவு சொல்வாரா, எரிச்சல் போகுமா குரல் திரும்புமா என்று நேருக்கு நேர் கேள், பதில் பிடிக்கவில்லை என்றால் வேறொருவரையும் பார். நீ வா என்றால் அப்பாவை விட்டுவிட்டு நான் மட்டும் வருகிறேன், அவர் வந்தால் டாக்டருக்கே குழாய்ப் பாடம் எடுப்பார். நீ அழைத்தால் அந்த அறையில் உன் பக்கத்தில் உட்காருவேன், டாக்டர் கேள்வி கேட்டால் வாயே திறக்க மாட்டேன், என்னை நம்பலாம், நம்ப முடியாவிட்டால் வெளியே உட்காரவை.

துணிகளை எல்லாம் இரண்டு இஞ்சு விட்டுத் தைத்து இதோடு அனுப்புகிறேன். உள்ளே இருந்த துணி எதையும் வெட்டவில்லை, இன்னும் விடவும் செய்யலாம், திரும்பப் பிடிக்கவும் செய்யலாம், எப்படி இருந்தாலும் சட்டை உனக்குப் பொருந்தும். சத்து மாத்திரையை மறக்காதே, குரலுக்கு ஓய்வு கொடு, அப்பா தன் படங்களில் ஒன்றைக் கட்டாயம் வைக்கச் சொல்லி நிற்கிறார், அதையும் வைத்திருக்கிறேன். தலை சாய்த்து நிம்மதியாகப் படுக்கிற நாள் உனக்குச் சீக்கிரம் வர வேண்டும், நீ நூறு வயது நல்ல குரலோடு இருக்க வேண்டும் என்று இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

அந்தத் தாளை அதே உள்பாக்கெட்டில் மடித்து வைத்திருக்கிறேன், இருபத்து நாலாம் தேதி எடுத்துக்கொண்டு போக மறக்காதே. ஏழாவது கேள்வியில் அம்மா என்று நீ எழுதி அடித்திருந்தாயே, அதற்குக் கீழே நானே தெளிவாக அம்மா என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எட்டாவது கேள்வி, இந்த முறை யாருடைய முடிவு என்பது. அதில் நான் பேனாவே வைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா