மாக்குமிலிருந்து கிரீஸுக்குப் பதினோரு அட்டைகள்

மாக்கும்
12 மார்ச் 1994

அன்புள்ள ரின்செ அண்ணனுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஜூனில் நீயும் நானும் காருக்குப் பின்னால் என் கேரவனை இழுத்துக்கொண்டு கிரீஸ் வரைக்கும் போகிறோம் என்று வெள்ளிக்கிழமைச் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்கத்தான் மறந்துபோனேன். மீன் வாங்க வந்தவர்கள் எல்லாரும் வாழ்த்துச் சொல்லியாயிற்று. பக்கத்துச் சீஸ் கடை டௌவெ மட்டும் நம்பவில்லை.

"உங்கண்ணன் வர்றாரா? நெசமாவா?"

"ஏன், அவனுக்குக் கால் இல்லையா?"

"கால் இருக்கு. ரெண்டு வருஷமா உன் வீட்டுப் பக்கமே வரலியே, அதான் கேட்டேன்."

ஒரு முழு ஹெர்ரிங் மீனை நீட்டி அவன் வாயை அடைத்தேன். ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை. ஹிங்கெ அண்ணி போய்ச் சேர்ந்த ஆகஸ்டிலிருந்து நீ என் வாசல் மிதிக்கவில்லை. போன் பண்ணினால் என் குரலைக் கேட்டதும் "அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். தனி ஆள் குடிக்கிற பால் எத்தனை நேரம்தான் பொங்கும்? அடக்கத்துக்கு நான் வர முடியாமல் போனது எனக்கும் வருத்தம்தான். ஸ்பெயினில் இருந்தேன், சேதி வந்து சேரவில்லை. அதை அப்போதே சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அண்ணியும் நீயும் கிரீஸ் போவதாக இருந்தீர்களே, அந்தப் பயணத்தை நாம் போவோம். முப்பது வருடம் ஸ்நீக்கிலிருந்து மாக்கும், மாக்குமிலிருந்து ஸ்நீக் என்று ஒரே தடத்தில் பஸ் ஓட்டியவன் நீ. ஒருமுறையாவது திரும்பி வராத பக்கமாக ஓட்டிப் பார். வழியையும் நானே கண்டுபிடித்துவிட்டேன். அட்லஸின் மேல் பின்னல் ஊசியை வைத்துப் பார்த்தால் ஜெர்மனி, ஆஸ்திரியா, யூகோஸ்லாவியா, கிரீஸ் என்று நேராகப் போகிறது. பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டவளுக்கு இது போதாதா?

பதில் போடு. இரண்டு வரி போதும்.

உன் தங்கை,
வீட்ஸ்கெ


ஸ்டாவெரன்
20 மார்ச் 1994

அன்புள்ள வீட்ஸ்கெவுக்கு,

உன் பின்னல் ஊசி போகிற வழியில் மூன்று வருடமாகச் சண்டை நடக்கிறது. நீ செய்தியே கேட்பதில்லையா?

போவதென்றால் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிறகு இத்தாலி. அங்கோனா துறைமுகத்தில் வண்டியோடு கப்பல் ஏறி கிரீஸில் இறங்க வேண்டும். கேரவன் இருப்பதால் ஒரு நாளைக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கூடாது. நீ ஐந்நூறு ஓட்டுவாய் என்று தெரியும். அதனால்தான் சொல்கிறேன். ஹிங்கெ குறித்து வைத்திருந்த ஊர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துப் போகிற வழியை நாளுக்கு ஓர் அட்டை வீதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

பிரேக்கையும் இழுவைக் கொக்கியையும் காட்டிச் சரிபார்த்துக்கொள். இன்னொன்று. கேரவனில் இருக்கும் ரேடியோ அப்போது ஸ்பெயினில் பேட்டரி தீர்ந்து கிடந்தது என்று சொன்னாய். அது பேட்டரிதானா, வேறு ஏதாவதா என்று பார்த்து எழுது. அதைத் தெரிந்துகொண்டுதான் முடிவு சொல்ல முடியும்.

ரின்செ


மாக்கும்
2 ஏப்ரல் 1994

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைச் சந்தையில் வைத்தே படித்தேன். அதில் மீன் வாடை ஏறிவிட்டது. 'வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை' என்பது உன் பாஷையில் பாதி வருகிறேன் என்று அர்த்தம், இல்லையா?

பிரேக் பார்த்தாயிற்று. கொக்கிக்கு எண்ணெய் போட்டாயிற்று. இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு ஏற்றியிருக்கிறேன். இத்தாலியில் உருளைக்கிழங்கு விளையாதா என்று கேட்காதே. விளையும். ஆனால் எப்படி வேக வேண்டும் என்று அந்தக் கிழங்குக்குத் தெரியாது. காபித்தூள் எட்டுப் பொட்டலம், உனக்குப் பிடித்த இஞ்சிக் கேக் ஆறு. கேரவனில் உனக்கு ஜன்னலோரப் படுக்கை. நீ விடுகிற குறட்டைக்கு நியாயமாக வெளியேதான் போட வேண்டும்.

ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது.

5 ஏப்ரல்

மேலே எழுதியதை மூன்று நாளாக உறையில் போடாமல் வைத்திருந்தேன். கடைசி வரி என்னை விடவில்லை.

அண்ணா, ரேடியோ அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

உனக்கே தெரியும், வெளிநாட்டு கேரவன் முகாம்களில் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று. சாயங்காலம் ஆனால் கேரவன் வாசலில் நாற்காலி போட்டு, கிழங்கு உரித்துக்கொண்டே, நம் நாட்டு ரேடியோவில் விடுமுறைக்காரர்களுக்கான அவசரச் சேதிகளைக் கேட்பார்கள். பெயர் வாசித்து, வண்டி நம்பர் வாசித்து, வீட்டோடு தொடர்பு கொள்ளவும் என்பார்கள். அது நம் பெயராக இல்லை என்று தெரிந்ததும் கிழங்கு அடுப்பில் ஏறும். அந்தச் செவ்வாய்க்கிழமை என் பெயர் வந்தது. பக்கத்து கேரவன்காரி கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வீட்ஸ்கென்னு சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"எங்க ஊர்ல வீதிக்கு நாலு வீட்ஸ்கெ இருக்கா."

"மாக்கும்னும் சொன்னாங்களே. வண்டி நம்பரு கூட..."

"நம்பரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? கெழங்கப் பாருங்க, கருத்துப் போவுது."

பிறகு எழுந்து போய், குளித்த ஈரத்துண்டை வண்டியின் நம்பர் பலகை மேல் தொங்கவிட்டேன். காயப் போடுகிறவள் போல. ஞாயிற்றுக்கிழமை வரை அது அங்கேயே தொங்கியது.

நான் புறப்பட்ட அன்று, நோயில் படுத்திருந்த அண்ணி என் கையைப் பிடித்து, "போயிட்டு வாடி. நீ வர்ற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்" என்றாள். போன் பண்ணாவிட்டால் அவள் சொன்னபடி இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இது பாதிக் காரணம். மீதிப் பாதியையும் எழுதிவிடுகிறேன். இன்னும் ஆறு நாள் விடுமுறை இருந்தது, கடல் வெதுவெதுப்பாக இருந்தது. வருடம் முழுக்க ஐஸில் கை வைக்கிறவள் நான். எனக்கு அந்த ஆறு நாள் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை போன் பண்ணினேன். நீ எல்லாவற்றையும் முடித்திருந்தாய்.

இதை நேரில் சொல்லத்தான் இந்தப் பயணமே. ஜெர்மனி தாண்டியதும் சொல்லலாம் என்றிருந்தேன். அங்கிருந்து நீ இறங்கி நடந்து வர முடியாது என்று ஒரு கணக்கு. இப்போது கேரவன் தயாராக நிற்கிறது. நீ வா.

வீட்ஸ்கெ


ஸ்டாவெரன்
17 ஏப்ரல் 1994

வீட்ஸ்கெவுக்கு,

எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்து கேரவன்காரி போல்ஸ்வார்டைச் சேர்ந்தவள். செப்டம்பரிலேயே என் பஸ்ஸில் ஏறிச் சொல்லிவிட்டாள். துண்டைப் பற்றியும் சொன்னாள். அது பச்சைக் கோடு போட்டது. நாங்கள் உனக்குக் கொடுத்தது.

ரேடியோவுக்குச் சேதி சொன்னது நான்தான். உன் வண்டி நம்பரை மனப்பாடமாகச் சொன்னேன். செவ்வாய், புதன் இரண்டு சாயங்காலமும் உட்கார்ந்து கேட்டேன். தெளிவாகத்தான் வாசித்தார்கள். அதன் பிறகு வந்தவர்களிடம் எல்லாம் "தங்கச்சி ஓட்டிக்கிட்டு வந்துட்டிருக்கா, பிரான்ஸ் தாண்டியிருப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை செய்ய வேண்டிய அடக்கத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளினேன். தேவாலயத்தில் முன்வரிசையில் உனக்கு இடம் பிடித்து என் தொப்பியை வைத்தேன். பாதிரியார் வந்து, "ரின்செ, ஆரம்பிக்கலாமா?" என்று மூன்று முறை கேட்டார்.

நீ கடலில் குளித்ததற்கு எனக்குக் கோபமில்லை. நீயாகச் சொல்வாய் என்று ஒவ்வொரு மாதமும் காத்திருந்தேன். போனை வைத்துவிட்டு மறுபடி மணி அடிக்குமா என்று பக்கத்திலேயே நிற்பேன். நீ மறுபடி அடிக்க மாட்டாய். இப்போது சொல்லிவிட்டாய். கனம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை.

நான் வரவில்லை. உன் பக்கத்து ஸீட்டில் மூன்று வாரம் உட்கார என்னால் ஆகாது. நீ சிரிக்கச் சிரிக்கப் பேசுவாய், நானும் சிரித்துவிடுவேன். அதைத்தான் செய்ய முடியாது.

நீ போய் வா. பதினோரு அட்டைகளையும் எழுதி முடித்துவிட்டேன், இத்துடன் இருக்கின்றன. ஹிங்கெவுக்கு நெடுஞ்சாலை பிடிக்காது என்பதால் இத்தாலியில் எல்லாம் சின்ன ரோடு. அட்டையில் உள்ளபடி திரும்பு, உன் இஷ்டத்துக்குத் திரும்பாதே. ஆஸ்திரிய மலை இறக்கத்தில் இரண்டாவது கியர்.

எழுதினால் படிப்பேன். பதில் எதிர்பார்க்காதே.

ரின்செ


இத்தாலி, ஊர் பெயர் தெரியவில்லை
11 ஜூன் 1994

அன்புள்ள அண்ணா,

நீ வராவிட்டால் போவதில்லை என்றுதான் இருந்தேன். அட்டைகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். உன் எழுத்து ஒரே சீராக இருக்கிறது, ஆறாம் அட்டையில் அண்ணி பெயர் வருகிற இடத்தைத் தவிர. பிறகு கிளம்பிவிட்டேன்.

ஒரு நாளுக்கு முந்நூற்றைம்பதுக்கு மேல் ஓட்டவில்லை. மலை இறக்கத்தில் இரண்டாவது கியர்தான், பின்னால் பதினாலு வண்டி ஹாரன் அடித்தது. பக்கத்து ஸீட்டில் இஞ்சிக் கேக்கை வைத்திருக்கிறேன். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வதில்லை, இரண்டு வருடத்தில் அது எனக்குப் பழகிவிட்டது. இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதியாயிற்று.

கொலோன் தாண்டி ஒரு முகாமில் ஒருத்தி கேட்டாள். "தனியாவா போறீங்க?"

"எங்கண்ணன் கூட வர்றதா இருந்துச்சு. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அதனால வரல."

"ஓ" என்றாள். பிறகு கத்தரிக்கோல் இரவல் வாங்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். சந்தையில் உன் பெயரைச் சொல்லிச் சொல்லி வளர்த்த பொய்யைவிட இது லேசாக வாயில் வந்தது. இதை இரண்டு வருடம் முன்னால் ஒரு போனில் சொல்லியிருக்கலாம். நீ பக்கத்திலேயே நின்றிருக்கிறாய். எனக்குத் தெரியாது.

ஆறாம் அட்டையில் அண்ணி குறித்திருந்த ஏரியைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. ரொம்ப நேரம் நிற்கவில்லை. அது நீ பார்க்க வேண்டியது.

இன்று காலை நிலவரம். போலோன்யா தாண்டியதும் ஜன்னலைத் திறந்தேன், ஏழாம் அட்டை பறந்துபோயிற்று. எட்டாம் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அது 'மறுபடியும் இடதுபக்கம்' என்று தொடங்குகிறது. அதன்படி இடதுபக்கம் திரும்பினேன். இப்போது ஒருவருடைய கோழிப்பண்ணைக்குள் நிற்கிறேன். கேரவனைப் பின்னால் எடுக்க இடமில்லை. பண்ணைக்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது முறை எனக்கு ஒரு முட்டை கொடுத்தார்.

வீட்ஸ்கெ